செல்போனுக்குள் ஒரு தகரப் பெட்டி

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று செய்தி வந்தால் போதும். பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கத்திலும் அடையாற்றின் கரையிலும் குடியிருப்பவர்கள் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். ஏரியில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பத்திரிகையைப் புரட்டிப் பார்ப்பது ஒன்று. பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மார்க் பட்டியல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றுவது இன்னொன்று.

முதல் காரியம் பழைய பழக்கம். இரண்டாவது, 2015-ம் ஆண்டு கற்றுக் கொடுத்த பாடம்.

இப்பொழுது மூன்றாவதாக ஒரு காரியம் சொல்லப்படுகிறது. "எல்லாவற்றையும் செல்போனில் போட்டுக் கொள்ளுங்கள். பரணும் வேண்டாம், பையும் வேண்டாம்" என்கிறார்கள். அடையாள அட்டை, டிரைவிங் லைசென்சு, பஸ் பாஸ், ரெயில் சீசன் டிக்கெட், சினிமா டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்கி விடுமாம். கார் சாவி, வீட்டுச் சாவி கூட அதற்குள் போய்விட்டது. மணிபர்சுக்கும் சாவிக் கொத்துக்கும் இனி வேலையில்லை என்கிறார்கள்.

இது நல்ல யோசனையா, ஆபத்தான யோசனையா? இரண்டும்தான். எதுவரை நல்லது, எங்கே ஆபத்து என்று பார்ப்பதற்கு அந்த ஏரிக்குக் கீழே வாழ்கிற ஜனங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கூழாகிப் போன காகிதம்

ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. 2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு அதிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் போயிற்று. திருநீர்மலை அருகே அது அடையாற்றில் சேர்ந்தது. மற்ற ஏரிகளின் வெள்ளமும் கூடிக்கொண்டது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழியில் இருந்த பகுதிகளெல்லாம் மூழ்கின. மனிதர்களின் தவறால் நேர்ந்த பேரிடர் என்று 2018-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சொல்லியது. அந்த விவகாரம் தனி.

உயிர் தப்பியவர்கள் வீடு திரும்பியபோது சேறு முழங்கால் அளவு கிடந்தது. கட்டிலும் மெத்தையும் போனதைப் பற்றிக்கூட அவர்கள் அதிகம் பேசவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. பத்திரம், ரேஷன் கார்டு, பத்தாவது வகுப்பு மார்க் பட்டியல், பாங்கிப் புத்தகம், கல்யாணப் பதிவுச் சான்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. கட்டிலைக் கடன் வாங்கியாவது மறுபடி வாங்கி விடலாம். "நான் இன்னார், இந்த இடம் என்னுடையது, இந்தப் பிள்ளை இவ்வளவு படித்திருக்கிறான்" என்பதற்கு எந்தக் கடையில் போய்க் கடன் வாங்குவது?

தமிழக அரசாங்கம் அந்த டிசம்பர் 14-ந்தேதி முதல் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் சிறப்பு முகாம்கள் போட்டது. பட்டா, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, லைசென்சு ஆகியவற்றுக்கு மறுபிரதி கட்டணமில்லாமல் கொடுக்கப்பட்டது. வெள்ளத்தில் பாஸ்போர்ட்டை இழந்தவர்களுக்கும் புதியது இலவசம் என்று அப்போதைய வெளியுறவு மந்திரி சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். இது பாராட்ட வேண்டிய காரியம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மறுபிரதி எப்படிக் கொடுக்க முடிந்தது? ஜனங்களிடம் இருந்த காகிதம் போய்விட்டது. சர்க்கார் ஆபீசில் இருந்த பதிவேடு போகவில்லை. தாலுகா ஆபீசில் பட்டாவுக்குக் கணக்கு இருந்தது. தேர்வுத் துறையிடம் மார்க்குக்குக் கணக்கு இருந்தது. வீட்டில் இருக்கும் காகிதம், அந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டும் விரல் மாதிரி. விரல் போனாலும் கணக்கு இருந்ததால் ஜனங்கள் பிழைத்தார்கள்.

சோழர் காலத்துச் செப்பேட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேட்டில் 31 ஏடுகள் இருக்கின்றன. பழையனூர் என்ற ஊர் கோவிலுக்குக் கொடுக்கப்பட்டதற்கு அது அத்தாட்சி. ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையம் சேரும் இடத்தில் அரசனின் முத்திரை வைத்திருக்கிறார்கள். முத்திரை இருந்தால்தான் ஏட்டுக்கு மதிப்பு. வெறும் செம்புத் தகட்டில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

படம் வேறு, பத்திரம் வேறு

வெள்ளம் வருவதற்குச் சரியாக ஐந்து மாதம் முன்னால், 2015 ஜூலை 1-ந்தேதி, மத்திய அரசாங்கம் 'டிஜிலாக்கர்' என்ற பெட்டகத்தைத் தொடங்கி வைத்தது. டிசம்பரில் தகரப் பெட்டியைத் திறந்து அழுதவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்கும்? வீதி வீதியாகச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி, விழா மேடையோடு நின்றுவிட்டது.

அதன் அமைப்பு நல்ல அமைப்புத்தான். லைசென்சு வேண்டுமென்றால் போக்குவரத்து இலாகாவின் பதிவேட்டிலிருந்தே அது எடுத்துக் கொடுக்கிறது. ஆதார் என்றால் ஆதார் ஆணையத்திடமிருந்து எடுக்கிறது. ஆகவே செல்போன் தொலைந்தாலும் பத்திரம் தொலைவதில்லை. வேறொரு போனில் திறந்துகொள்ளலாம். 2016-ல் இதற்கென்று விதிகள் வந்தன. 2017 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தி, இப்படி வழங்கப்படும் பத்திரம் அசலுக்குச் சமம் என்றார்கள். 2018 ஆகஸ்டில், டிஜிலாக்கரிலும் 'எம்-பரிவாகன்' செயலியிலும் காட்டப்படும் லைசென்சையும் வண்டிப் பதிவுச் சான்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

தமிழக அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மின் ஆளுமை முகமையின் மூலம் 'இ-பெட்டகம்' என்ற செயலியைக் கொண்டு வந்தது. ஒரு தடவை எழுதியதை யாரும் திருட்டுத்தனமாக மாற்ற முடியாதபடி 'நம்பிக்கை இணையம்' என்ற ஏற்பாடு அதன் பின்னால் இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

இவ்வளவு இருந்தும் சாலையில் தகராறு நடக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்: ஜனங்கள் லைசென்சைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "செல்போனில் இருக்கிறதே" என்று காட்டுகிறார்கள். போட்டோ என்பது முத்திரையில்லாத செம்புத் தகடு. டிஜிலாக்கரிலேயே கூட, இலாகா வழங்கிய பத்திரத்துக்குத்தான் அசலின் மதிப்பு. சொந்தக்காரர் தாமே ஏற்றி வைத்த படத்துக்கு அந்த மதிப்புக் கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்திலும் போலீஸ் நிலையத்திலும் ஒரே சமயத்தில் சொல்லிக் கொடுத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

தனியார் கம்பெனிகளின் பர்சும் வந்துவிட்டது. 'கூகுள் வாலட்' 2024 மே மாதம் இந்தியாவில் அறிமுகமாயிற்று. விமானப் பயணச் சீட்டு, சினிமா டிக்கெட், கடைகளின் சலுகை அட்டை ஆகியவற்றை அதில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2022 மார்ச்சிலேயே 'ஆப்பிள்' போனில் லைசென்சை வைக்க அனுமதித்தது. சினிமா டிக்கெட் போனால் மூன்று மணி நேரம் போயிற்று; அதோடு சரி. பட்டாவும் அடையாள அட்டையும் அப்படியா?

செல்போன் பெட்டகத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அதை அதிகம் பேர் சொல்வதில்லை. நம் ஊரில் ஜெராக்ஸ் வாங்காத காரியம் எது? லாட்ஜில் அறை எடுத்தால் ஆதார் ஜெராக்ஸ். சிம் கார்டுக்கு ஜெராக்ஸ். வாடகை வீட்டுக்கு ஜெராக்ஸ். கொடுத்த காகிதம் பிறகு எங்கே போகிறது? மேஜை இழுப்பறையில் கிடக்கும். பழைய பேப்பர்காரனுக்குப் போகும். கடைசியில் கடலைப் பொட்டலமாக எங்கேயாவது வந்து சேர்ந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஒருவருடைய பிறந்த தேதி, தகப்பனார் பெயர், வீட்டு விலாசம், போட்டோ எல்லாம் சுண்டல் தின்பவர் கையில்! குறியீட்டைக் காட்டி, "ஆம், இவர் 18 வயது நிரம்பியவர்தான்" என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு அனுப்பிவிட முடியுமானால் அது பெரிய விடுதலை. ஆனால் கேட்பவர் ஜெராக்ஸையே கேட்டுக்கொண்டிருந்தால் பெட்டகம் இருந்தும் பிரயோசனமில்லை. மாற வேண்டியவர் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

மின்சாரம் போன இரவு

இனி மறுபக்கம். 2015 டிசம்பரில் காகிதம் மட்டுமா போயிற்று? மின்சாரமும் நிறுத்தப்பட்டது. பல இடங்களில் செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின்போதும் புறநகர்ப் பகுதிகளில் இதே கதி. சார்ஜ் இல்லாத செல்போன் வெறும் கண்ணாடித் துண்டு. காகிதமாவது நனைந்தால் காயவைத்துப் பார்க்கலாம். சில விலையுயர்ந்த போன்களில், பாட்டரி தீர்ந்த பிறகும் சில மணி நேரம் சாவி மட்டும் வேலை செய்யும்படி ஏற்பாடு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவிட்டு வருகிற தொழிலாளியின் சட்டைப் பையில் அந்த ரகப் போன் இருக்காது.

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசாங்கம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. எப்படிக் கொடுத்தது தெரியுமா? ரேஷன் கடையில், டோக்கன் காகிதம் கொடுத்து, ரொக்கமாக. விரலால் தொட்டால் பணம் பறக்கிற காலத்தில் இது என்ன கட்டைவண்டிக் காரியம் என்று சிலர் கேலி செய்யலாம். ஆனால் கிழவியும் வந்து வாங்க முடிந்த ஏற்பாடு அது. சிக்கலான நேரத்தில் எந்த வழி எல்லோருக்கும் எட்டும் என்பது ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு வீட்டில் எத்தனை செல்போன் என்பதையும் பார்க்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் நல்ல போன் ஒன்று. அதை எடுத்துக்கொண்டு கணவன் இரவு ஷிப்டுக்குப் போய்விடுகிறான். காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலில் நின்று, "நம்பர் சொல்லுங்கம்மா" என்கிறார். நம்பர் அங்கே கணவன் சட்டைப் பையில் 'டிங்' என்று விழுந்திருக்கிறது. அவனைக் கூப்பிட அவளிடம் போன் இல்லை. சிலிண்டர் விஷயத்திலேயே இந்தப் பாடு என்றால், அடையாள அட்டையும் பாங்கியும் முழுக்க அந்த ஒரே போனுக்குள் போய்விட்டால் அவளுடைய அடையாளம் யார் சட்டைப் பையில் இருக்கும்?

நம்பர் மாறுவது அதைவிடப் பெரிய சங்கடம். பெட்டகத்தின் பூட்டைத் திறக்கும் ரகசிய எண், ஆதாரோடு சேர்த்த செல்போன் நம்பருக்குத்தான் வருகிறது. ஏழைகள் பல சமயம் ரீசார்ஜ் செய்யாமல் நம்பரை விட்டுவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. அப்படிக் கொடுத்தால், ஒருவர் வீட்டுப் பூட்டின் ரகசியம் முன்பின் தெரியாத இன்னொருவர் கைக்குப் போகிறது. ஏரிக்கரை ஜனங்களைக் கேட்டால், ஆதாரில் இருக்கும் நம்பர் ஒன்று, கையில் இருக்கும் நம்பர் வேறு என்பவர்கள் அநேகர் இருப்பார்கள். பெட்டகத்தைப் பற்றி விளம்பரம் செய்கிறவர்கள் முதலில் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

சாலையில் போலீஸ்காரர், "காட்டு" என்றால் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நிற்கலாம். செல்போனில் காட்டும்போது போனையே கையில் கொடுக்க வேண்டி வருகிறது. அதில் மனைவியின் கடிதமும் இருக்கிறது, மருத்துவரின் அறிக்கையும் இருக்கிறது. வீட்டு வரி ரசீதைக் கேட்டவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி! திரையில் உள்ள குறியீட்டைத் தமது கருவியால் படித்துக்கொண்டு, போனைச் சொந்தக்காரர் கையிலேயே விடும் பழக்கம் வர வேண்டும்.

இரட்டைக் கட்டணம்

"செல்போனிலும் வைத்துக்கொள்ளலாம்" என்று ஆரம்பிக்கிற காரியம், "செல்போனில்தான் இருக்க வேண்டும்" என்று எப்படி முடிகிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. செம்பரம்பாக்கத்தைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் நெமிலி சுங்கச் சாவடி வரும். 'பாஸ்டேக்' என்ற வில்லை முதலில் ஒரு சௌகரியம், வேண்டுமானவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 15-ந்தேதி நள்ளிரவு முதல் அது கட்டாயமாயிற்று. இல்லாதவர்களுக்கு இரட்டைக் கட்டணம். 2025 நவம்பர் 15-ந்தேதி முதல் ஒரு சலுகை வந்தது: செல்போன் மூலம் பணம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும். ரொக்கம் நீட்டியவர்களுக்கு அப்போதும் அதே இரட்டைதான் இருந்தது. பாரத சர்க்காரின் ரூபாய் நோட்டு, பாரத சர்க்காரின் சாலையில் பாதி மதிப்புக்கு இறங்கிவிட்டது!

காரில் போகிறவர் சமாளித்துக்கொள்வார். லைன் குறைந்தது, நேரம் மிச்சம் என்று சந்தோஷமும் படுவார். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதே முறை தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூட அட்மிஷனுக்கும் வந்தால்? செல்போன் இல்லாதவர் அங்கே எந்தக் கட்டணத்தை இரண்டு மடங்கு கட்டுவார்? நடையைத்தான் கட்டுவார். இன்று போய் நாளை வா, மகனை அழைத்துக்கொண்டு வா, நம்பரை மாற்றிக்கொண்டு வா என்று நாலு நடை. ஒரு நடைக்கு ஒரு நாள் கூலி.

வெளிநாட்டார் இந்த அபாயத்தை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2024-ல் ஒரு சட்டம் செய்தது. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் 2026 முடிவதற்குள் தன் ஜனங்களுக்கு டிஜிட்டல் அடையாளப் பெட்டகம் கொடுக்க வேண்டும். அதே சட்டத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. பெட்டகத்தை வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். வைத்துக்கொள்ளாதவருக்கு எந்தச் சேவையிலும் தடையோ பாதகமோ கூடாது. கொடுப்பதைக் கட்டாயமாக்கி, வாங்குவதை விருப்பமாக வைத்திருக்கிறார்கள்.

இங்கேயும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ந்தேதி ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. பாங்கிக் கணக்குத் திறக்க வேண்டுமானால் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆசிட் வீச்சில் கண்ணை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் எப்படித் திரையைப் பார்ப்பார்? டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையின் பகுதியே என்று சொல்லி, கண் சிமிட்டுவதற்குப் பதிலாக வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கண்ணுக்குச் சொன்ன நியாயம், கையில் போன் இல்லாதவருக்கும் சேரும்தானே?

ஆகவே ஏரிக்கரை ஜனங்களுக்கு, "செல்போன் வேண்டாம்" என்று யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. பெட்டகத்தில் பத்திரங்களைச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்; காகிதத்தையும் பரணில் வைக்கட்டும். யோசிக்க வேண்டியது சர்க்கார்தான். 2015-லும் 2023-லும் முகாம் போட்டார்கள். இரண்டும் வெள்ளம் வடிந்த பிறகு. அதே முகாமை வெள்ளத்துக்கு முன்னால், வருஷா வருஷம் செப்டம்பர் மாதத்தில், பூந்தமல்லி, குன்றத்தூர் தாலுகா ஆபீஸ்களில் போடுவதில் என்ன கஷ்டம்? ஆதாரில் செல்போன் நம்பரைத் திருத்திக் கொடுக்கலாம். பத்திரங்களைப் பெட்டகத்தில் சேர்த்துக் கொடுக்கலாம். போன் இல்லாத கிழவருக்கும் கிழவிக்கும், அதே குறியீடு அச்சிட்ட அட்டையை, தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கையில் கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில். அதற்கு முன்னால் ஒரு மாத அவகாசம் தாராளமாக இருக்கிறது.

முகாமுக்கு விளம்பரப் பலகை வைப்பார்கள். அதில் மந்திரிகளின் படத்துக்கு எப்படியும் இடம் ஒதுக்கியாக வேண்டும். மிச்சம் இருக்கிற இடத்தில், "செல்போன் இல்லாதவர்களும் வரலாம்" என்று ஒரு வரி, தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் போட்டால் போதும்.